பழைய பீட்டிலுக்கு பானெட் லாட்ச் செட்: கேபிளை வாங்குங்கள், பழைய லாட்ச்சைத் தூக்கி எறியாதீர்கள்

இந்த பானெட் லாட்ச் செட்டை, அதாவது பானெட்டை மூடிப் பிடிக்கும் பூட்டையும் உள்ளே இருந்து குமிழை இழுத்து அதைத் திறக்கும் கேபிளையும், வாங்கி ஏழு மாதம் ஆகிறது. வந்த வாரமே எழுத உட்கார்ந்தேன், அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். லாட்ச் மாதிரியான சாமானை மாட்டிய அன்றைக்கு எதுவும் சொல்ல முடியாது, புதுசாக இருக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் திறக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்து காய்ந்த பிறகும் குமிழை இழுத்தால் ஒரே இழுப்பில் திறக்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால் இப்போது எழுதுகிறேன்.

வண்டி 1966 ஃபோக்ஸ்வேகன் பீட்டில், 1300 இன்ஜின். அப்பா ஓட்டியது, இப்போது என்னிடம் இருக்கிறது. பீட்டிலில் இன்ஜின் பின்னால் இருப்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் முன்பக்க பானெட் திறக்காவிட்டால் என்ன பெரிய கஷ்டம் என்று தோன்றலாம். ஆனால் ஸ்டெப்னி அங்கேதான் இருக்கிறது, ஜாக்கி அங்கேதான், பிரேக் ஆயில் டப்பா அங்கேதான், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயர்களைத் தொட வேண்டும் என்றாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், பெட்ரோல் டாங்க். 1967 மாடல் வரைக்கும் பெட்ரோல் ஊற்றும் மூடியே பானெட்டுக்கு உள்ளேதான் இருக்கும். 1968 மாடலில் இருந்துதான் பக்கவாட்டில், வெளியே ஒரு சின்னக் கதவு வைத்தார்கள். ஆக என் வண்டியில் பானெட் திறக்கவில்லை என்றால் பெட்ரோல் போட முடியாது, அவ்வளவுதான், வண்டி நின்றுவிடும்.

அன்றைக்கு அதுதான் நடந்தது. பெட்ரோல் முள் கடைசிக் கோட்டுக்கு வந்திருந்தது. போடலாம் என்று டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் குமிழை இழுத்தேன், குமிழ் கையோடு வந்துவிட்டது, அதன் வாலில் இரண்டு விரல்கடை நீளத்துக்குக் கம்பி. மீதிக் கம்பி குழாய்க்குள் நின்றுவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, முன்பக்கத் தகட்டில் ஓட்டை போட்டு உள்ளே கம்பியை விட்டுத் திறந்துவிடலாம், பிறகு அடைத்து பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு மனசே வரவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரு டிரில்லும் படாத தகடு அது.

வீட்டுக்கு எப்படியோ கொண்டுவந்து சேர்த்து, குழாயின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால் கம்பியின் முனை கொஞ்சம் வெளியே தெரிந்தது, ஒரு சோளமணி அளவுக்கு. வைஸ் கிரிப்பால் கவ்விப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. தம்பி வெளியே நின்று பானெட்டை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா, இன்னும் தூக்கட்டுமா?”

“தூக்காதே, கீழே அமுக்குடா. ரெண்டு கையையும் வச்சு நல்லா அமுக்கு.”

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேபிள் அறுந்து நிற்கிற ஒவ்வொருவரும் முதலில் செய்வது பானெட்டைப் பிடித்து மேலே இழுப்பதுதான். பானெட்டில் ஒரு பின், ஆணி மாதிரி ஒரு தண்டு, தொங்குகிறது, அதைச் சுற்றி ஒரு கனமான ஸ்பிரிங். கீழே முன்பக்கத் தகட்டில் இருக்கும் லாட்ச்சில் நகரும் பாகம் ஒன்று, பின்னின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஸ்பிரிங் பானெட்டை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால் பின்னின் கழுத்து அந்தப் பாகத்தின்மேல் அழுந்திக் கிடக்கிறது. நாம் வேறு மேலே தூக்கினால் அந்த அழுத்தம் இன்னும் கூடுகிறது, உள்ளே இருப்பது நகராது. கீழே அமுக்கினால் பின் ஒரு நூல் அளவு இறங்கும், பிடி தளரும், நகரும் பாகம் சும்மா வழுக்கிக்கொண்டு போகும். கேபிள் பானெட் இருக்கிற ஏறக்குறைய எல்லாப் பழைய வண்டிக்கும் இந்த ஒரு விஷயம் பொருந்தும். தம்பி அமுக்க, நான் இழுக்க, மூன்றாவது தடவை ‘டக்’ என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவன் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

சரி, செட்டுக்கு வருகிறேன். நான் வாங்கியதில் நாலு சாமான் இருந்தது: குமிழோடு சேர்ந்த கேபிள், கீழ் லாட்ச், மேலே பானெட்டில் மாட்டும் பின்னும் ஸ்பிரிங்கும், அதோடு இருக்கும் பாதுகாப்புக் கொக்கி. அசல் கம்பெனி சாமான் இல்லை, பிறகு வேறொருவர் அச்சு எடுத்துச் செய்தது. தயாரித்தவர் பெயரை எழுதப் போவதில்லை, இந்த மாதிரி செட் பல பெயரில் வருகிறது, எதை எப்படிச் சோதித்து வாங்குவது என்பதைச் சொன்னால் போதும்.

கேபிள் நன்றாக இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கம்பி, விறைப்பாக, கையில் வளைத்தால் திரும்பி நேராகிறது, நீளமும் சரியாக இருந்தது, மறுமுனையில் வெட்டிவிட ஒரு விரல் அளவு மிச்சம் வந்தது. குமிழ் பிளாஸ்டிக், பழையதை விட நிறம் லேசாகப் பளபளப்பு, ஆனால் கம்பியைக் குமிழுக்குள் வெறுமனே சொருகி ஒட்டவில்லை, உள்ளே மடித்துப் பூட்டியிருக்கிறார்கள். நான் வைஸில் பிடித்து இழுத்துப் பார்த்தேன், கழலவில்லை. இந்தக் கேபிளுக்காக மட்டும் இந்த செட்டை வாங்கலாம்.

கீழ் லாட்ச்தான் ஏமாற்றம். படத்தில் பார்க்க அசல் மாதிரியே இருக்கிறது. கையில் எடுத்துப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கிறது. தகடு மெல்லிசு. போல்ட் ஓட்டைகளின் இடைவெளி என் வண்டிக்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. அரத்தால் தேய்த்து நீட்டிக்கொள்ளலாம்தான், ஒரு ஓட்டையில் அரம் போட்டும் பார்த்தேன், ஆனால் தேய்த்த இடத்தில் முலாம் போய்விடும், அங்கேதான் துரு முதலில் உட்காரும். நகரும் பாகத்தின் விளிம்பு வெட்டியது வெட்டியபடி பிசிறோடு இருந்தது. விரலை மெதுவாக ஓட்டினாலே கீறியது. அந்தப் பிசிறு பின்னின் கழுத்தில் போய்த்தானே உரசும், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். அடுத்து, கேபிளைக் கவ்விப் பிடிக்கும் திருகு. அதன் தலை ஸ்க்ரூடிரைவரை இரண்டாவது தடவை வைத்ததும் வழுக்கிவிட்டது, அவ்வளவு மெத்தென்ற இரும்பு. மொத்த லாட்ச்சும் கேபிளைப் பிடித்து நிற்பது அந்த ஒரு திருகில்தான், அதில் போய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

விற்றவர்களுக்கு ஓட்டை விஷயத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் சீக்கிரம் வந்தது, மரியாதையாகவும் இருந்தது, அடுத்த முறை செய்யும்போது பார்க்கிறோம் என்றார்கள். மாற்றித் தரவில்லை.

மேல் பின்னில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மரை சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள், உயரம் கூட்டிக் குறைக்க ஸ்க்ரூடிரைவர் வெட்டும் லாக் நட்டும் இருக்கிறது. ஸ்பிரிங் அசலை விட விறைப்பு. முதலில் இது நல்லதுதானே என்று நினைத்தேன். ஆனால் விறைப்பு கூடினால் பின்னின் கழுத்து லாட்ச்சில் இன்னும் அழுந்தும், கேபிளை இன்னும் பலமாக இழுக்க வேண்டும், பானெட்டை மூடவும் ஓங்கி அடிக்க வேண்டும். பழைய ஸ்பிரிங் துரு மட்டும் பிடித்து, உயரம் குறையாமல் இருந்தால் அதையே சுத்தம் செய்து போடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

பாதுகாப்புக் கொக்கியை மட்டும் யாரும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். பீட்டில் பானெட்டின் கீல் கண்ணாடிப் பக்கம் இருக்கிறது, முன்முனைதான் தூக்கும். ஓடும்போது லாட்ச் விட்டுவிட்டால் காற்று உள்ளே புகுந்து பானெட்டை அப்படியே கண்ணாடி மேல் மடக்கி அடிக்கும், எதிரே ஒன்றுமே தெரியாது. அந்த ஒரு நிலைமைக்காகத்தான் இந்த இரண்டாவது கொக்கி. அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதிகளில் 113-ஆம் எண் முழுக்க பானெட் லாட்ச்சைப் பற்றியது, முன்முனை தூக்கி ஓட்டுபவரின் பார்வையை மறைக்கக் கூடிய பானெட்டுக்கு இரண்டாவது பிடி இருந்தே ஆக வேண்டும் என்கிறது. இந்த செட்டில் வந்த கொக்கியின் மூக்கு அசலை விடக் குட்டை, வெர்னியர் வைத்துப் பார்க்க வேண்டிய அளவுக்குக் கூட இல்லை, கண்ணுக்கே தெரிகிறது. மாட்டிப் பார்த்தபோது பிடித்தது, ஆனால் நுனியில் பிடித்தது. அதை நம்பி வேகமாக ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை, கழற்றிவிட்டேன்.

இப்போது பழைய கேபிள் ஏன் அறுந்தது என்ற கதை. இதைத்தான் எல்லோரும் பார்க்காமல் விடுகிறோம். அறுந்த முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெட்டுப்பரப்பில் பாதிக்கு மேல் பழுப்பு, ஒரு ஓரத்தில் மட்டும் பிறை மாதிரி வெள்ளையாக மின்னியது. அதாவது கம்பி அன்றைக்கு அறுந்ததே இல்லை. பல மாதத்துக்கு முன்பே விரிசல் விட்டு, அந்த விரிசலுக்குள் துரு ஏறி, மிச்சம் இருந்த அந்தப் பிறை அளவுக் கம்பி மட்டும் கடைசி வரை தாங்கியிருக்கிறது. குமிழுக்குப் பக்கத்தில் வளையும் இடம் அது, ஒவ்வொரு இழுப்புக்கும் அதே இடத்தில் மடங்கி நிமிர்ந்திருக்கிறது.

ஏன் அவ்வளவு பலமாக இழுக்க வேண்டி வந்தது? லாட்ச்சைக் கழற்றிக் கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்து மெழுகு மாதிரி ஆகி, அதில் தூசி ஒட்டி, நகரும் பாகம் விரலால் தள்ளினால் போய் அங்கேயே நின்றுகொள்கிறது, திரும்பி வரவில்லை. இரண்டு வருடமாகவே குமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். இறுகிப்போனது லாட்ச், அடி வாங்கியது கேபிள். அன்றைக்குப் புதுக் கேபிள் மட்டும் போட்டு விட்டிருந்தால் அதுவும் இதே இடத்தில் போயிருக்கும்.

அதனால் புது லாட்ச்சைப் பெட்டியில் வைத்துவிட்டு பழையதை மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப் போட்டேன். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாகக் கரைந்து வந்தது. துணியால் துடைத்து, துரு இருந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டு, காயவைத்துவிட்டு மறுபடி தள்ளிப் பார்த்தேன். போனது, திரும்பியும் வந்தது, லாட்ச்சுக்குள் இருந்த அந்தப் பழைய ஸ்பிரிங்கிலேயே! ஸ்பிரிங்கில் ஒன்றும் கோளாறு இல்லை, பிசுக்குதான் பிடித்து வைத்திருந்தது. தகடு கனம், விளிம்பு உருண்டு வழவழப்பாக இருக்கிறது, அந்தக் காலத்தில் எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்கள் என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேபிள் கவ்வும் திருகை மட்டும் நல்ல கடின இரும்பில் அதே மரையில் ஒன்று தேடிப் போட்டேன்.

உங்கள் லாட்ச்சில் நகரும் பாகத்தின் உதடு தேய்ந்து சரிவாகிவிட்டது என்றால் விஷயம் வேறு, அதை வைத்திருக்கக் கூடாது, சரிவில் பின் வழுக்கி வெளியே வந்துவிடும். அப்போது புதியதை வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கினால் பிசிறைத் தேய்த்து, ஓட்டையைச் சரிபார்த்து, திருகை மாற்றிவிட்டுப் போடுங்கள்.

மாட்டும் வேலை ஒரு மதிய நேரம். செட்டோடு வந்த தாளில் இரண்டு படம்தான், முக்கியமான எதுவும் அதில் இல்லை, அதனால் இங்கே சொல்கிறேன். லாட்ச்சைக் கழற்றும் முன் அதன் ஓரத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள், திரும்ப அதே இடத்தில் உட்கார வைக்க அது ஒன்றுதான் வழி. புதுக் கேபிளை விடும் முன் குழாயை ஊதித் துருத்தூளை எடுத்துவிட்டு, கம்பி முழுக்க கிரீஸ் தடவி மெதுவாகச் சுழற்றிக்கொண்டே தள்ளுங்கள். தள்ளும்போது எங்கேயாவது நின்றால் பலம் கொடுக்காதீர்கள், ஒரு தடவை கம்பியில் முறிவு விழுந்தால் அந்த இடம் பிறகு அறுந்துவிடும். திருகை முடுக்கும் முன் குமிழ் முழுக்க உள்ளே இருக்கிறதா, லாட்ச் முழுக்க மூடிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள், கம்பி தொய்வாக இருந்தால் இழுப்பில் பாதி வீணாகப் போகும்.

பானெட்டை மூடவே கூடாது, இன்னும். கீழே லாட்ச்சுக்குள் ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரின் தண்டைப் பின் மாதிரி நுழைத்து அது கவ்வுகிறதா பாருங்கள். பிறகு உள்ளே போய்க் குமிழை இழுங்கள், விடுகிறதா பாருங்கள். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. இந்தச் சோதனையைச் செய்யாமல் ‘முடிந்தது’ என்று பானெட்டை அறைந்து மூடி, திறக்க முடியாமல் மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தவர்களை எனக்குத் தெரியும். நேற்று வரை அறுந்த கேபிளோடு போராடியவருக்குப் புதுக் கேபிளை உள்ளேயே வைத்துப் பூட்டிக்கொள்வதை விட வேதனை வேறு இல்லை.

அப்புறம் பின் நேராக இறங்குகிறதா என்பது. பின்னின் நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவி, பானெட்டைப் பூட்டாமல் மெதுவாக இறக்கி, மறுபடி தூக்கிப் பாருங்கள். கிரீஸ் ஓட்டையின் நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்று லாட்ச் மேலே அச்சு விழுந்திருக்கும். எனக்கு இடது ஓரத்தில் விழுந்தது, போல்ட்டைத் தளர்த்தி ஒரு நூல் நகர்த்தினேன். உயரத்தைப் பின்னின் லாக் நட்டில் சரிசெய்யலாம்: பின் நீளமாக இருந்தால் பானெட் ஆடும், குட்டையாக இருந்தால் பூட்டவே பலமாக அடிக்க வேண்டும். கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். கடைசியில் நட்டை முடுக்க மறக்காதீர்கள், மறந்தால் பின் தானாகவே சுற்றி இறங்கிவிடும்.

இவ்வளவையும் பீட்டிலை வைத்துச் சொல்கிறேன். 1965, 66 மஸ்டாங் மாதிரி வண்டியில் உள்ளே குமிழோ கேபிளோ கிடையாது, முன்னால் கிரில் பக்கம் கையை விட்டு நெம்பித் திறப்பது. அங்கே இந்தக் கேபிள் கதை இல்லை, ஆனால் காய்ந்த கிரீஸ் கதை உண்டு. ஜாகுவார் ஈ-டைப்பில் கீல் முன்னால் இருக்கிறது, பானெட் கண்ணாடிப் பக்கத்தில் இருந்து தூக்கும். அங்கே லாட்ச் வேலையே வேறு, நான் அதைத் தொட்டதில்லை.

கடைசியாக நான் சேர்த்த ஒன்று செட்டில் இல்லாதது. லாட்ச்சின் நகரும் பாகத்தில் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பியைக் கட்டி, அதன் மறுமுனையை முன்பக்க பம்பருக்குப் பின்னால், கீழே படுத்துக் கையை விட்டால் மட்டும் எட்டுகிற இடத்தில் சின்ன வளையமாக்கி விட்டிருக்கிறேன். எங்கே என்று வீட்டில் தம்பிக்கு மட்டும் தெரியும். கேபிள் மறுபடி அறுந்தாலும் அந்த வளையத்தில் விரல் விட்டு இழுத்தால் திறக்கும், யாரும் டிரில்லோடு வர வேண்டாம். கட்டும்போது அது கொஞ்சம் தொய்வாக இருக்க வேண்டும், விறைப்பாகக் கட்டினால் மேடு பள்ளத்தில் குலுங்கும்போது அதுவே லாட்ச்சை இழுத்து விடுவிக்கக் கூடும்.

ஏழு மாதத்தில் குமிழ் இன்னும் இரண்டு விரலால் இழுக்கிற அளவுக்கு இலகுவாக இருக்கிறது. கேபிளில் துரு இல்லை. பெட்டியில் வைத்த புது லாட்ச்சைப் போன வாரம் எடுத்துப் பார்த்தேன், நான் அரம் போட்ட ஓட்டையைச் சுற்றி, வண்டியில் ஒரு நாள்கூட ஏறாமலேயே, பழுப்பு வளையம் விழ ஆரம்பித்திருக்கிறது. கேபிள் தனியாகவும் விற்கிறார்கள், இன்னொரு தடவை தேவைப்பட்டால் அதை மட்டும்தான் வாங்குவேன்.